செருப்புப் பாட்டு வந்த வருஷம்

நவீன்,

வெள்ளிக்கிழமை நீ அந்த டிவி மேடையில் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். அதற்காகத்தான் உன் பையில், இஸ்திரி போட்ட நீலச் சட்டைக்கு மேலேயே வைக்கிறேன். அடியில் வைத்தால் ஊருக்குத் திரும்பி அழுக்குத் துணியை எடுத்துப் போடும்போதுதான் உன் கண்ணில் படும். நேரில் சொல்லியிருக்கலாம். மூன்று நாளாக முயற்சி செய்தேன். நீ அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஷேவ் பண்ணுகிறாய், வண்டியைத் துடைக்கிறாய், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொள்கிறாய். நான் வாயைத் திறந்தால், "இன்னாம்மா, மறுபடியும் சந்தேகமா?" என்று சிரிக்கிறாய். இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாய். கடையில் கூட்டம் இருக்கும். வருவதற்குள் எழுதிவிடுவேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது இது. இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியும். திருபுவனை கம்பெனியில் அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. மாத்திரை அட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் இடையிடையே ஒன்றை உருவியெடுத்து, எல்லாக் குழியிலும் மாத்திரை இருக்கிறதா, தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருப்பதைச் சரி என்று நம்பாமல் இருப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் கம்பெனி பஸ்ஸில் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்க்கிறேன். புதிதாக வீட்டுக்கு வரும் உன் நண்பனிடம் அவன் அப்பா பெயரைக் கேட்கிறேன். நீ பாத்ரூமில் இருந்தால் உன் போனைத் திருப்பிப் பார்க்கிறேன். ஆமாம், பார்க்கிறேன். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அந்த டிவியில் இருந்து ஒரு பெண் எனக்குப் போன் பண்ணினாள். "மேடம், நவீன் அம்மாதானே? வாய்ஸ் அக்கா மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கேட்டாள். "நவீன் அப்பா மழையில உங்க செருப்பத் தூக்கிட்டு வந்தாரில்ல, அந்தச் செருப்பு இருக்கா மேடம்? நவீன் அத கையில புடிச்சிக்கிட்டே ஸ்டேஜுக்கு வந்தா செமையா இருக்கும்."

"அவ்ளோ பழைய செருப்ப யாரும்மா வச்சிருப்பாங்க?"

"பரவால்ல மேடம், பழசு மாதிரி ஒண்ணு நாங்களே ரெடி பண்ணிக்கறோம்."

போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. இல்லாத செருப்பை இருப்பதாகக் காட்டப் போகிறார்களே, ஊரை ஏமாற்றுகிறவர்கள், இவர்களை நம்பியா என் பிள்ளை போகிறான் என்று நினைத்தேன். பிறகு அந்தக் கோபத்தை அப்படியே விழுங்கிக்கொண்டேன். கோபப்படுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவின் பாட்டு அது என்று அவர்களுக்கு யார் சொன்னது என்று நான்கு நாள் துப்பறிந்தேன். முதலில் உன் சித்தப்பா மேல் சந்தேகம். அவருக்குக் கேமராவைக் கண்டால் மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். அடுத்து, என்னோடு வேலை செய்யும் கலா மேல். அவளிடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். கடைசியில் நீயே, "நான்தாம்மா, அந்தப் பாட்டு வீடியோக்குக் கீழ கமெண்ட் போட்டேன். இது எங்க அப்பா பாட்டுன்னு. அவங்களே என்னத் தேடி வந்தாங்க" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சின்ன வயதில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தபோது பார்த்த முகம்.

அந்தப் பாட்டு வந்த போன வருஷத்தை யாராலும் மறக்க முடியாது. அதுவரை நாட்டுப்பாட்டு என்றால் திருவிழா மேடையில் ஒரு மணி நேரம், சாவு வீட்டில் ஒரு பகல், அவ்வளவுதான். அந்த வருஷம் அது எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. பாகூர் பஸ்ஸில், டீக்கடையில், கல்லூரி ஆண்டு விழாவில், சீமந்தத்தில், எங்கள் கம்பெனி ஆயுத பூஜையில்கூட நடவுப் பாட்டும் பம்பையும்தான். சாவுக்கு மட்டும் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்தவர்களைச் சால்வை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அப்போதே உள்ளுக்குள் உறுத்தியது. நேற்றுவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தவர்களை இன்று திடீரென்று நடுவீட்டில் உட்காரச் சொன்னால், யாருக்கோ ஏதோ லாபம் இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். ஆனாலும் பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. அடுப்படியில் நானும் பாடினேன்.

பிறகு மணப்பட்டில் கலாவின் தங்கை கல்யாணம். நீ வரவில்லை, பரீட்சை என்றாய். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வஞ்சிரம் வறுவல் விழுந்த நேரம், வெளியே டிஜே ஒரு பாட்டைப் போட்டான். பம்பைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பையன் குரல்:

"சேத்துல கால் வச்சா செருப்பு போயிடுமுன்னு
எஞ்செருப்பத் தூக்கி வந்த எஞ்சாமி எங்க போன?"

இளவட்டங்கள் கையில் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் அவனைத் துரத்தி, "டேய், இன்னிக்கே பழகிக்கடா, தூக்குடா பொண்ணு செருப்ப!" என்று கத்தினார்கள். பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "எங்கூட்டு ஆளு எஞ்செருப்பத் தூக்குனதில்ல, எம்மேல தூக்கிப் போட்டதுதான் உண்டு" என்றாள். பந்தியே சிரித்தது. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஒப்பாரிக்குக் கல்யாண வீட்டில் ஆடுகிறார்களே என்பதற்காக இல்லை. அந்த வரி என்னுடையது. உன் அப்பா செத்த அன்று, நம் வீட்டில், என் கையால் எழுதிக் கொடுத்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். அன்றைக்கு ஒப்பாரியைப் பதிவு செய்தது யார்? நீ. பன்னிரண்டு வயது உனக்கு. சித்தப்பா போனை வாங்கி வைத்துக்கொண்டு, பந்தல் கால் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவு பண்ணினாய். அந்தப் பதிவை ஒவ்வொரு போனாக மாற்றி மாற்றி வைத்திருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் இதை அந்தப் பாட்டுக்காரப் பையன்களுக்குக் கொடுத்தது நீதான். அப்பாவின் சாவைக் கொடுத்திருக்கிறாய். முடிவே கட்டிவிட்டேன். நீ குளிக்கப் போனபோது உன் போனை எடுத்தேன். 'அப்பா' என்று பெயர் போட்டு அது இருந்தது. நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டேன். "யாருக்குடா குடுத்த இத?"

"யாருக்கும் குடுக்கலம்மா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா குடுக்கல. அது எனக்கு மட்டும் வச்சிருக்கேன்."

நான் நம்பவில்லை. உன் கண் முன்னாலேயே அதை அழித்தேன். போனின் குப்பைத்தொட்டிக்குள் கிடந்ததையும் தேடி எடுத்து அழித்தேன். படித்தவளல்லவா, அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுல நீ அழுவற சத்தம் இருந்துதும்மா. நீ அதுக்கப்பறம் அழுவவே இல்லல்ல" என்றாய். ஈரத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாய். அதற்கு இன்றுவரை நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ யாருக்கும் கொடுக்கவில்லை. அது எனக்குப் பதினைந்து நாள் கழித்துத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். அது இன்னொரு தப்பு.

எப்படித் தெரிந்தது என்றால், அன்றைக்குப் பாடிய செல்லக்கிளி அக்காவைத் தேடிப் போனேன். வில்லியனூரைத் தாண்டி ஒரு காலனியில் வீடு. நாட்டுப்பாட்டு வருஷத்தின் சால்வைகள் கொடியில் தொங்கின. அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் மறைக்கவேயில்லை.

"உன் வரிதாம்மா. யாரு இல்லன்னா? அன்னிக்கி உங்கூட்டுல அத எடுத்து வுட்டப்போ பாத்தல்ல, ஒரு பொம்பள பாக்கியில்லாம அழுதாளுங்க. அதுக்கப்பறம் எந்தச் சாவுக்குப் போனாலும் அந்த வரிய வுடறதில்ல. எட்டு வருசமா பாடறேன். எவன் போன்ல புடிச்சி எவனுக்குக் குடுத்தான்னு நான் இன்னாத்த கண்டேன்?"

"எல்லாச் சாவுக்குமா?"

"எல்லாத்துக்குந்தான். ஒரு ஊருல பெருசு ஒண்ணு, சக்கரை வியாதில ரெண்டு காலயும் எடுத்துட்டாங்க. அவரும் பொண்டாட்டி செருப்பத் தூக்கி நடந்தாருன்னு பாடுனேன். ஒருத்தரும் கேக்கல. அந்தம்மா எங்கையப் புடிச்சிக்கினு அழுவுது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். யோசித்துப் பார். இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள், தங்கள் புருஷனுக்காக என்று நினைத்துக்கொண்டு, நான் எழுதிய ஒரு ஆளுக்காக அழுதிருக்கிறார்கள். அந்தப் பையன்களின் வீடியோவில் 'பாரம்பரியப் பாடல், எழுதியவர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு விழா மேடையில் ஒருவர், நம் முன்னோர்கள் பெண்ணை எப்படி மதித்தார்கள் என்பதற்கு இந்த ஒரு வரி போதும் என்று கை நீட்டிப் பேசினார். முன்னோர் நான்தான். எனக்கு நாற்பத்தைந்து முடியவில்லை.

நான் கிளம்பும்போது செல்லக்கிளி அக்கா கீரையை விட்டுத் தலை நிமிர்ந்தாள். "ஏம்மா, உன் வூட்டுக்காரரு நெசமாவே தூக்குனாரா?"

"ஆமாக்கா" என்றேன்.

"சரி" என்றாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போடாமல் தனியாக எடுத்து வைக்கிற மாதிரி ஒரு சரி.

தூக்கவில்லை, நவீன். உன் அப்பா என் செருப்பை ஒருநாளும் தூக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா அறுப்பு மெஷின் ஓட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சித்தப்பா ஒப்பாரி செட்டுக்குச் சொல்லிவிட்டார். மைக், ஸ்பீக்கர், ஆர்மோனியம், பம்பையோடு வந்து இறங்கினார்கள். நம் பக்கத்து வழக்கம்தான், அவர்கள் பாடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். செத்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், கூடப்பிறந்தவர்கள், மச்சான்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் கருமாதி வரைக்கும் சண்டை. படித்தவள் நான் என்பதால் பேனா என் கைக்கு வந்தது. உன் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பெயர்களை எழுதி நீட்டினேன். செல்லக்கிளி அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆளு எப்பிடின்னு ரெண்டு வரி போடும்மா. குடிப்பாருன்னா அத எழுதாத. பொண்டாட்டிக்கு ஆசையா இன்னா செஞ்சாரு, அத எழுது. அழுவறதுக்கு ஒரு புடி வேணும்ல?"

எனக்கு ஒன்றுமே வரவில்லை. பதின்மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். கெட்டவர் என்று எழுத எதுவுமில்லை. அடித்தவரில்லை. குடி எப்போதாவதுதான். ஆனால் ஆசையாக என்ன செய்தார்? தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை என் காதருகில், "இன்னாடி, பரீட்சையா எழுதற?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் இல்லை. பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "காலேஜ் படிச்சதில்ல, அதான் அழுவல." சாவு வீட்டில் அழாத பெண்டாட்டியை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்று உனக்குத் தெரியாது. அவர்களை அழ வைத்துவிட்டால் என்னைப் பார்ப்பதை நிறுத்துவார்கள் என்று தோன்றியது. எழுதினேன். சேற்றில் நடக்கும்போது என் செருப்பு போய்விடக்கூடாது என்று தன் கையில் தூக்கி வருவார். ஒரே வரி. செல்லக்கிளி அக்கா அதை வாங்கி உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நானும் அழுதேன். உன் பதிவில் இருந்த அழுகை அதுதான். ஆனால் யாருக்காக அழுதேன் என்று என்னாலேயே சொல்ல முடியாது. உள்ளே கிடந்தவருக்காகவா, தாளில் நான் எழுதியவருக்காகவா?

இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். முதலில் நீ சின்னப் பிள்ளை. பிறகு நீ அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினாய். வாத்தியார் 'மிக நன்று' என்று சிவப்பு மையில் போட்டிருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள். கம்பெனி பஸ் வில்லியனூரில் தண்ணீருக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். கையில் பெண் பிள்ளையின் செருப்பு, ரோஸ் கலர் வார். பக்கத்தில் ஒரு பெண், சுடிதார் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீரில் நடந்து வருகிறாள். எனக்கு முதலில் வந்த சந்தேகம் அவள் மேல்தான். எப்படிப்பட்டவள் இவள், தன் செருப்பை ஒரு ஆம்பளைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒய்யாரமாக நடக்கிறாளே என்று. அந்தப் பாட்டை எழுதிய நான்தான் இப்படி நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் விசாரணையை ஆரம்பித்தேன்.

"யாருடா அது?"

"ஃப்ரெண்டும்மா. திவ்யா."

"ஃப்ரெண்டு செருப்ப எவன்டா நடுரோட்டுல தூக்குவான்? நாலு பேரு சிரிக்கலியா?"

"சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். அப்பா தூக்கலையா?"

 அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். நீ ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறாய், அது உன் அப்பாவிடமிருந்து வந்தது என்று நினைத்துச் செய்கிறாய். அது பொய் என்று தெரிந்த நாளில் அந்தச் செருப்பைக் கீழே போட்டுவிடுவாயா? இதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ மேடையில் நின்று பொய் சொல்லிவிடுவாயே என்பது சின்னப் பயம். உண்மை தெரிந்த பிறகு நீ எப்படிப்பட்ட ஆளாக இருப்பாய் என்பதுதான் பெரிய பயம்.

சொல்லாமலும் விட முடியாது. செல்லக்கிளி அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த மேடைக்கு அவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேமரா முன்னால் யாராவது ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டால் நீ திகைத்து நிற்பாய். அதைவிட ரூமில் தனியாக உட்கார்ந்து, இந்தத் தாளில் தெரிந்துகொள்வது நல்லது. இன்னொன்று. திவ்யா வீட்டில் கல்யாணம் பேசலாம் என்கிறாய். அவளிடமும் அப்பா கதையைச் சொல்லியிருப்பாய். ஒரு பெண் தன் வருங்காலத்தை நான் சாவு வீட்டில் எழுதிய வரியை நம்பி முடிவு செய்யக் கூடாது. அவள் மேல் எனக்கு இருக்கிற சந்தேகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது.

அந்த வரி முழுக்க என் கற்பனையும் இல்லை. செருப்புத் தூக்கிய நாள் ஒன்று நடந்தது. தூக்கியது நான். செருப்பு உன் அப்பாவுடையது.

உனக்கு நாலு வயது. பூரணாங்குப்பத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். மழை விட்டிருந்தது. பாகூரில் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்தோம். களிமண் அப்பிக்கொள்கிறது. உன் அப்பா நின்றார், செருப்பைக் காலாலேயே கழற்றி என் பக்கம் தள்ளினார். "இந்தா, இதப் புடி." என் செருப்பை ஒரு கையில் பிடித்திருந்தேன். அவருடையதை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எதிரே ஸ்கூட்டியில் வந்தாள் என்னோடு பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படித்த புவனா. வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கியாப்பா?" என்றாள். கண் மட்டும் என் கையில் இருந்த அந்தப் பெரிய செருப்பிலேயே இருந்தது. நான் ஏதோ சொன்னேன். அவள் போன பிறகு வீடு வரும்வரை உன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை. சாவு வீட்டில் பேனா நகராமல் உட்கார்ந்திருந்தபோது அந்த நாள்தான் வந்தது. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி எழுதிவிட்டேன். அப்படி நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது.

இத்தனை வருஷம் இந்த நாளை நினைக்கும்போதெல்லாம் செருப்பு மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான், அவர் ஏன் கழற்றிக் கொடுத்தார், தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று யோசித்தேன். கம்பெனியில் பத்துத் தடவை திருப்பிப் பார்க்கிறவள், இதை ஒருதடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் கை காலியாக இல்லை, நவீன். அவர் தோளில் நீ உட்கார்ந்திருந்தாய். தூங்கி வழிந்து அவர் தலைமேல் சாய்ந்திருந்தாய். உன் இரண்டு காலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பு வழுக்கி உன்னோடு விழுந்துவிடக் கூடாது என்று வெறுங்காலோடு, கட்டை விரலை ஊன்றி ஊன்றி, ஏரிக்கரை முழுவதும் நடந்தார். என் கோபத்தில் நான் பின்தங்கிப் போனேன். அவர் இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். நான் வருகிறேனா என்றா, செருப்பு வருகிறதா என்றா? எனக்குத் தெரியாது. அவர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது நிறைய. அறுப்பு சீசனில் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கும்போது தினமும் போன் பண்ணுவார். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "கதவத் தாப்பா போட்டியா?" அவ்வளவுதான். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீ வெளியூர் போனால் நானும் அதையேதான் கேட்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டா கேட்கிறேன்?

ஆகவே அந்த மேடையில் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள். போகாமல் இருந்தாலும் எனக்குச் சம்மதம். அந்த டிவிப் பெண்ணுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன். போனால், அவர்கள் ரெடி பண்ணி வைத்திருக்கும் செருப்பைக் கையில் வாங்காதே. எந்தத் தாளிலும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அழச் சொன்னால் அழாதே. செல்லக்கிளி அக்காவைப் பார்த்தால், எங்கம்மா அன்றைக்குச் சொன்னது பொய், மன்னிப்புக் கேட்கச் சொன்னாள் என்று சொல்லு. அவள் சிரிப்பாள். அந்த வரியைத் தொடர்ந்து பாடச் சொல். சாவு வீடுகளில் அதற்கு வேலை இருக்கிறது.

வில்லியனூரில் அன்றைக்குத் தண்ணீரில் நீ தூக்கியது நீயாகத் தூக்கியது. உன் அப்பாவுக்கும் அதில் பங்கில்லை, எனக்கும் இல்லை. அதைத் தொடர்ந்து தூக்கு.

சட்டைகளுக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன். பீரோவின் கீழ்த் தட்டில் இருந்து எடுத்தது. அந்த டிவிப் பெண்ணிடம் நான் சொன்னதும் பொய்தான், பழைய செருப்பை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது என்னுடையது இல்லை. ஒன்பதாம் நம்பர், வலது குதிகால் மட்டும் தேய்ந்திருக்கும். அவர் கடைசியாகப் போட்டிருந்தது. மேடையில் கொண்டுபோக வேண்டாம். ரூமில் கதவைச் சாத்திவிட்டு ஒருதடவை கையில் எடுத்துப் பார். நான் தூக்கி வந்தது எவ்வளவு கனம் என்று தெரியும். அவர் தூக்கி வந்தது அதைவிடக் கனம்.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. நான் ஒன்றுதான் கேட்பேன், கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்று.

அம்மா